அமரர் ஊர்திக்கு ஹெட் போன கதை

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு அமரர் ஊர்தி உண்டு. அதற்கு முந்தைய பிறவியில் அது பள்ளிக்கூட வேன். வாங்கியபோது மஞ்சள்மேல் வெள்ளை அடித்து, இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்து, நடுவில் குளிர்பெட்டிக்கு இடமும் ஓரத்தில் சொந்தக்காரர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சும் போட்டோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'ஓடும் வண்டியில் எழுந்து நிற்காதே' என்று எழுதியிருந்ததை மட்டும் அழிக்கவில்லை. பெயிண்டர் கேட்டதற்கு எங்கள் தலைவர், "இருக்கட்டும்வே, நல்ல விஷயம்தானே" என்று சொல்லிவிட்டார்.

நான் சங்கத்தின் செயலாளர். தென்காசியில் பிளெக்ஸும் போஸ்டரும் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காகச் சாவு வீட்டிலிருந்து முதல் போன் எனக்குத்தான் வரும். டாக்டருக்கு அடுத்தபடி சேதி தெரிகிற ஆள் என்பதால் இந்தப் பதவிக்கு நானே பொருத்தம் என்று முடிவு செய்தார்கள். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

வண்டி பழுதாகி நின்றது ஒரு ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியாரின் இறுதி ஊர்வலத்தில். சாரல் தொடங்கியிருந்த சமயம். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் வண்டி, அதற்குப் பின்னால் நாங்கள். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் முன்பக்கமும் வர ஆரம்பித்தது. வண்டி மேகத்துக்குள் போவதுபோலப் போயிற்று. பார்க்க நன்றாகவே இருந்தது. வாத்தியாருடைய மருமகன் சென்னைக்காரர். கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை வரும்போது புகை விடுவார்களே, அப்படி ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. என் பக்கத்தில் வந்தவர், "காசு செலவழிச்சிருக்கான்யா மருமவன்" என்று பாராட்டினார்.

அப்போது வண்டி இரண்டு தடவை உலுக்கி நின்றது. டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறந்தான். கொதிக்கிற சோற்றுப்பானையைத் திறந்தவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தண்ணி பாத்தியாலே?" என்று தலைவர் கேட்டார்.

"சாவு வண்டில யாரு அண்ணாச்சி தண்ணியப் பாக்கா? மால இருக்கா, பெட்டி இருக்கான்னுதான் பாப்போம்."

வேறு வழியில்லாமல் தள்ளினோம். மேளக்காரர்கள் எங்கள் மூச்சுக்குத் தக்கபடி அடியை மாற்றிக்கொண்டார்கள். மருமகன் முன்னால் போய்ப் பின்பக்கமாகவே நடந்து, கார் நிறுத்த வழி காட்டுவதுபோல, "வாங்க வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க" என்று கைகாட்டினார். ஆற்றங்கரை மயானம்வரை இப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

செங்கோட்டை ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். அவர் ரொம்ப காலம் கேரளாவில், புனலூரில் வேலை பார்த்தவர். எதற்கும் மலையாளத்தில் "குழப்பமில்ல", அதாவது பிரச்சினை இல்லை, என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கும், "குழப்பமில்ல அண்ணாச்சி, ஹெட்டு போயிருச்சு" என்றார். இன்ஜினுக்கு மேல்மூடிபோல உட்கார்ந்திருக்கிற கனத்த இரும்புதான் ஹெட். சூட்டில் அது விரிந்து கோணி, கீறல் விட்டிருந்தது.

"என்ன செய்யலாம்?"

"வெல்டு வைக்கலாம். புதுசும் போடலாம்."

"எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான்."

இதற்குமேல் அவரிடம் ஒன்றும் வாங்க முடியவில்லை. வெல்டு வைத்தால் பத்து வருஷம் ஓடலாம், அடுத்த வளைவிலும் நிற்கலாம் என்றார். புதுசு போட்டால் கவலை இல்லை. ஆனால் வண்டி பழைய மாடல், வெளியூரில் சொல்லிவைத்து வர ஒரு மாசம் பிடிக்கும் என்றார். சங்கம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும், ஹெட்டைச் சாக்கில் கட்டி அவரே பைக்கில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சங்கத்துக்கு ரேஷன் கடை மாடியில் ஒரு அறை. கேரம் போர்டை ஓரமாக நகர்த்திவிட்டு மேஜைமேல் பேப்பர் விரித்து ஹெட்டை வைத்தோம். தலைவர் பலசரக்கு மொத்த வியாபாரி. அதைச் சுற்றி வந்து, மூட்டையில் குத்திப் பார்ப்பதுபோல விரலால் குத்திப் பார்த்தார். பொருளாளர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குனிந்து மோந்து பார்த்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

"கீறல் எங்கவே? ஒண்ணும் தெரியலியே" என்றார் தலைவர்.

மெக்கானிக் ஹெட்டின் அடிப்பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்தார். பிறகு "பவுடர் இருக்கா?" என்றார். கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரை எடுத்துக் கொடுத்தேன். பொண்ணுக்குப் பூசுவதுபோலப் பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஊறியிருந்த எண்ணெய் கசிந்து, இரண்டு வால்வு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய ஈரக்கோடு நெளிந்து வந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"ஈசிஜி மாதிரில்லா இருக்கு" என்றார் உபதலைவர் அண்ணாச்சி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். குரல் மட்டும் இன்னும் லாரிக்கு ஆள் கூப்பிடுகிற குரல். போன மாசம்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். இந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவர், கூட்டம் என்றதும் ஆட்டோ பிடித்து, மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார். அவர் மனைவி, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம், குடையும் மாத்திரைப் பையுமாக வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பொருளாளர் வெல்டு கட்சி. "நம்ம வண்டி என்ன காசிக்கா போவுது? தெருவுல ஏறுனா ஆத்தங்கரையில எறங்குது. இதுக்குப் போயி புதுசா?"

தலைவர் புதுசு கட்சி. "ஒரு மனுசன் கடைசியாப் போறது. அது நடுவழில நிக்கலாமா? டிராயிங் வாத்தியாரத் தள்ளிட்டுப் போனது போதாதா?"

நான் கடைசியாகப் பேசியவர் கட்சி. அன்று பலமுறை கட்சி மாறினேன்.

அண்ணாச்சி கையை உயர்த்தினார். "ஏலே, சும்மா சுத்தி வளைக்காதீங்க. அடுத்தது நாந்தான். எனக்கு ஒட்டுப்போட்ட வண்டி வேண்டாம். புதுசு போடுங்க."

"சே, என்ன அண்ணாச்சி இப்படிப் பேசுதீய" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது.

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாங்கில் கடன் கேட்டு வந்தவரிடம் பேசுகிற குரலில், மெதுவாக, "இல்ல அண்ணாச்சி... புதுசு வர ஒரு மாசம் ஆவும்ங்கான்" என்று நிறுத்தினார்.

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்காமலே கேட்டுவிட்டார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்க்காமல் ஹெட்டைப் பார்த்தோம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. லோடு எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகிறவர்போல மோட்டுவளையைப் பார்த்தார். "ஒரு மாசமா... டாக்டர் தேதி ஒண்ணும் சொல்லலியே. எட்டி, அவரு ஏதும் உங்கிட்ட சொன்னாரா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"உப்பக் குறைக்கச் சொன்னாரு" என்றார் ஆச்சி.

அதுவரை மூடி வைத்திருந்த பேச்சு அதற்குப் பிறகு திறந்துவிட்டது. புதுசு வருவதற்குள் அண்ணாச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த தெரு வண்டியைத்தான் கேட்க வேண்டும். கொடுப்பார்கள். ஆனால் அந்த வண்டியின் நெற்றியில் அவர்கள் தெருப் பெயர் அரையாள் உயரத்தில் எழுதியிருக்கும். நம் உபதலைவர் அந்தப் போர்டுக்குக் கீழே போவதா என்று தலைவர் பதறினார். வெல்டு வைத்தாலோ நடுவழியில் நின்றுவிடலாம். இரண்டில் எது பெரிய கேவலம் என்பது விவாதமாகிவிட்டது. அண்ணாச்சியே அதை நடத்தினார். தன் சாவு என்ற நினைப்பே இல்லாமல் நடுநிலையாக நின்றார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவரிடம் எவரும் ஒரு விஷயத்தில் யோசனை கேட்டதே அன்றுதான் என்று பிறகு தோன்றியது.

கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார். "வெல்டு வைங்க. ஆனா சும்மா விடக்கூடாது. லோடு ஏத்தி, ஏத்தத்துல ஓட்டிப் பாக்கணும்."

"லோடுக்கு எங்க போவ?" என்றார் பொருளாளர்.

"நான் வாரேன்லா."

மறுநாள் நானும் டிரைவரும் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு பாவூர்சத்திரம் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் வார்ப்பிரும்பு வெல்டிங்கில் பேர்போன ஒரு பட்டறை இருக்கிறது. மார்க்கெட் வழியாகச் சாக்கைத் தூக்கிப் போகும்போது களைப்புக்கு ஒரு கடையோரம் இறக்கி வைத்தோம். ஒரு லோடுமேன் வந்து என்ன ஏது என்று கேட்காமல் அதைத் தூக்கித் தராசில் வைத்து எடையைக் கூவினான். பழக்கதோஷம். பக்கத்திலிருந்த வியாபாரி சேனைக்கிழங்கு என்று நினைத்து விலை கேட்டார். வேறு வழியில்லாமல் சாக்கைப் பிரித்துக் காட்டினேன். "இது நாட்டுதா?" என்றார்.

பட்டறையில் ஹெட்டைக் கரி நெருப்பில் சுட்டு, பழுத்த பிறகு வெல்டு வைத்தார்கள். பிறகு சாம்பலுக்குள் புதைத்தார்கள். சட்டென்று ஆறினால் திரும்பவும் வெடித்துவிடுமாம், மறுநாள்வரை தொடக் கூடாது என்றார்கள். தலைவருக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் போன்மேல் போன்.

"சூடு குறைஞ்சுதா?"

"இன்னும் கொதிக்கிதாம் தலைவரே. நாளைக்குத்தான் தெரியும்."

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் கையைத் தொட்டு, "ஈரத்துணி போட்டீங்களா தம்பி?" என்றார். இரும்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "சாம்பல்ல வச்சிருக்காங்கம்மா" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் பேசவில்லை.

ஹெட்டைக் கடைந்து மட்டப்படுத்தி, வண்டியில் பூட்டி முடித்ததும் சோதனை ஓட்டம். ஏற்றம் என்றால் குற்றாலம்தான், பழைய குற்றாலத்துக்குப் போய் வரலாம் என்றார் மெக்கானிக். சீசன் உச்சத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தலைவர், பொருளாளர், நான், ஆச்சி நாலு பேரும் பின்னால் பெஞ்சில். ஆச்சியின் பையில் துண்டும் நல்லெண்ணெயும் இருந்ததை அப்போதே கவனித்தேன். சோதனை ஓட்டம் என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று கேட்கவில்லை.

மெக்கானிக் மட்டும் உட்காரவில்லை. கீழே காதை வைத்தால்தான் சத்தம் சுத்தமாகக் கேட்கும் என்று, குளிர்பெட்டி வைக்கிற இடத்தில் நீளமாகப் படுத்துக்கொண்டார். சாரலுக்கு ஆகாது என்று தலைக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றியிருந்தார்.

ஊரைத் தாண்டியதும் கார் வரிசை. கேரளா வண்டிகள், மதுரை வண்டிகள், அசையவே இல்லை. திரும்பிவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, தூரத்தில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். விசில் ஊதினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து, கார்களை ஓரம் கட்டினார். எந்த மந்திரி வந்தாலும் அந்த ரோடு அப்படித் திறந்திருக்காது. பைக்கில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். ஈரத்தலையோடு வந்த பெண்கள் கும்பிட்டார்கள். முன் சீட்டிலிருந்த அண்ணாச்சி, மரியாதை தெரிந்தவர் இல்லையா, ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தார், ஓட்டுக் கேட்டு வருகிறவரைப்போல.

கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எந்த முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. "எவனும் சிரிக்கக் கூடாதுவே" என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பொருளாளர் நிஜமாகவே துக்கமாக இருந்தார். பெட்ரோல் பங்க்கில் ரசீது வாங்க மறந்துவிட்டாராம்.

ஏற்றம் தொடங்கியது. இன்ஜின் முக்கி முனகி, பிறகு சீராகிவிட்டது. எங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பைக் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஓட்டியவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிப்ஸ் தின்றுகொண்டே உள்ளே துக்கத்தோடு பார்த்தான். அந்த நேரத்தில் மெக்கானிக் விறைப்பாக எழுந்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "குழப்பமில்ல!" என்று கத்தினார்.

பைக் நேராகப் புல்லுக்குள் போய்ச் சாய்ந்தது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. இறங்கிப் போய்த் தூக்கிவிட்டோம். ஓட்டியவன் எழுந்து ஒட்டிய ஈரப்புல்லைத் தட்டினான். பின்னால் இருந்தவன் மட்டும் எழுந்திருக்காமல் மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அவனைச் சமாதானப்படுத்தப் பக்கத்தில் போகப் போக, அவன் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான்.

அருவிக்குப் போனதும், இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். நிறுத்தின இடம் ஒரு சிப்ஸ் கடை வாசல். கடைக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணாச்சி, சீசன் நேரம், நாலு சனம் வார இடம், கொஞ்சம் அங்கன தள்ளிப் போட்டுக்கிடுங்களேன்!" சொன்னதோடு நிற்காமல் சூடான நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கையில் திணித்தார். தள்ளிப் போட்டோம். அது பழக்கடை வாசல். ரம்புட்டான் கிடைத்தது. அதற்கடுத்த கடையில் பஜ்ஜி. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளலாமா என்று பொருளாளர் கேட்டார். தலைவர் முறைத்தார்.

இதற்குள் அண்ணாச்சி சட்டையைக் கழற்றியிருந்தார். ஆச்சி அவர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பகீரென்றது. டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்த ஆள்.

"ஆச்சி, வேண்டாம். தண்ணி வேகமா விழுது" என்றேன்.

"ஓரத்துல சாரல்ல நிப்பாக. நான் புடிச்சுக்கிடுதேன். ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள்லேருந்து இத ஒண்ணத்தான் கேக்காக. நீங்க எல்லாரும் வண்டியத்தான பாத்தீய."

டிரைவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னான்: "போவட்டும் விடுங்க. ஒண்ணு ஆனாலும் வண்டி இங்கனதானே நிக்கி."

ஆச்சி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீ மொதல்ல அதுக்குத் தண்ணி ஊத்துலே" என்றார். அவன் ஓடிப்போய் ஊற்றினான்.

அண்ணாச்சி ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தார். அருவியிலிருந்து தெறித்த தண்ணீர் தலையிலும் தோளிலும் விழுந்தது. லாரிக்கு ஆள் கூப்பிடுகிற அந்தக் குரல் ஒரு தடவைகூட எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார். ஆச்சி புடவையெல்லாம் நனைந்து அவர் கையைப் பிடித்தபடி நின்றார். ரோட்டில் எங்கள் வண்டி சீராக உறுமிக்கொண்டிருக்க, மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெல்டு தாங்கிவிட்டது. ஆனால் நாங்கள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. எங்கள் தெருவில் யாருமே சாகவில்லை. ஒரு மாசம் போயிற்று, இன்னொரு மாசமும் போயிற்று. என் கடையில் போஸ்டர் வேலை படுத்துவிட்டது. வண்டி நின்றுநின்று பேட்டரி இறங்கிவிட்டது. வாரம் ஒருமுறை ஓட்டினால்தான் சரிப்படும் என்று மெக்கானிக் சொல்லவே, ஞாயிறுதோறும் குற்றாலம் என்று ஆகிவிட்டது. அண்ணாச்சியும் ஆச்சியும் தவறாமல் வந்தார்கள். பிறகு தெருக்காரர்களும் இடம் கேட்டார்கள். மறுவீட்டுக்கு வந்த ஒரு புது ஜோடியைத் தலைவர்தான் கெஞ்சித் திருப்பி அனுப்பினார்.

அண்ணாச்சி மறுவருஷம் போனார். தெருவில் இல்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. அங்கேயே மின்மயானத்தில் முடித்துவிட்டார்கள். தலைவரும் பொருளாளரும் நானும் ரயில் பிடித்துப் போய்த் திரும்பினோம். வரும் வழியில், "இவ்வளவு பாடுபட்டு..." என்று பொருளாளர் ஒருமுறை ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்து ஆச்சி ஊருக்கு வந்தபோது, அண்ணாச்சி பேரில் வண்டிக்குப் புது ஹெட் வாங்கிப் போட்டுவிடுங்கள், செலவு என்னுடையது என்றார். மறுபடி கூட்டம். ஓடுகிற இன்ஜினைக் கழற்ற வேண்டுமா என்று தலைவர் கேட்டார். புதுசு போட்டே ஆக வேண்டும் என்று பொருளாளர் நின்றார். இரண்டு பேரும் கட்சி மாறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மெக்கானிக்கைக் கேட்டோம். ரெண்டும் நல்லதுதான் என்றார்.

புதுசே போட்டோம். உபயம் என்று பேர் எழுத வேண்டுமே, எங்கே எழுதுவது என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. கடைசியில் ஹெட்டுக்கு மேலிருக்கிற மூடியில் சிவப்புப் பெயிண்டில் எழுதினோம். இடம் பத்தாமல் பேரின் கடைசி எழுத்து மடிந்து பக்கவாட்டில் போய்விட்டது.

ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். டிரைவர் முன்மூடியைத் திறந்து, டார்ச் அடித்தான். அவர் குனிந்து, ரப்பர் குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.